உலர் உரசிணைப்பி (விசையுந்து)

உலர் உரசிணைப்பி என்பது எஞ்சினின் சுழற்சியைப் பற்சக்கரப் பெட்டிக்குக் கடத்தும், எண்ணெயில் நனையாமல் காற்றில் இயங்கும் கிளட்ச் வகை ஆகும். பெரும்பாலான விசையுந்துகளில் எஞ்சின் எண்ணெயில் நனைந்த பல்தட்டு உரசிணைப்பியே பயன்படுகிறது. இத்தாலியின் பொலோஞா நகரைச் சேர்ந்த டுகாட்டி நிறுவனம் தனது உயர்திறன் விளையாட்டு விசையுந்துகளில் உலர் பல்தட்டு வகையை நெடுங்காலம் பயன்படுத்தியது. பந்தயத்தில் பயன் தரும் இதன் இயல்புகளே, சாலைப் பயன்பாட்டில் விரைவான தேய்மானத்திற்கும் காரணமாகின்றன.

அமைப்பு

உராய்வுத் தட்டுகளும் எஃகுத் தட்டுகளும் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கும். உராய்வுத் தட்டுகளின் வெளிவிளிம்பிலுள்ள காதுகள், எஞ்சினால் சுழற்றப்படும் கூடையின் பிளவுகளில் பொருந்தும். எஃகுத் தட்டுகள் பற்சக்கரப் பெட்டியின் உள்ளீட்டுத் தண்டிலுள்ள நடுக்குடத்தில் பொருந்தும். விற்சுருள்கள் அழுத்தத் தட்டின் வழியாக இவ்வடுக்கை இறுக்குகின்றன. கைப்பிடியை இழுக்கும்போது, உள்ளீட்டுத் தண்டின் நடுவே செல்லும் தள்ளுகோல் அழுத்தத் தட்டை விலக்கி இணைப்பைத் துண்டிக்கிறது.

நன்மைகள்

* எண்ணெயின் இழுவை இல்லாததால் ஆற்றல் இழப்பு குறைகிறது.
* தட்டுகளின் தேய்துகள்கள் எஞ்சின் எண்ணெயில் கலப்பதில்லை.
* எண்ணெயை வடிக்காமலேயே தட்டுகளை விரைவாக மாற்றலாம். பந்தய அணிகளுக்கு இது முக்கியமானது.

தேய்மானத்தின் காரணங்கள்

முதன்மைக் காரணம் வெப்பம் ஆகும். ஓட்டுநருடன் சேர்த்து 270 கிலோகிராம் நிறையுள்ள விசையுந்து, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தை அடையும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 4,200 யூல் ஆகும். எஞ்சினின் சுழல்வேகம் மாறாமல் இருக்க, அவ்வேகத்தை அடையும்வரை தட்டுகள் வழுக்கினால், ஏறத்தாழ அதே அளவு ஆற்றல் தட்டுகளில் வெப்பமாகிறது. நனைந்த வகையில் இவ்வெப்பத்தை எண்ணெய் ஏந்திச் செல்லும். உலர் வகையில் காற்று மட்டுமே குளிர்விக்கிறது. விளையாட்டு விசையுந்துகளின் முதற்பற்சக்கரம் பொதுவாக உயர்வேகத்திற்கு ஏற்ப அமைவதால், நகர நெரிசலில் தட்டுகள் நீண்ட நேரம் வழுக்க நேரிடுகிறது. இதனால் எஃகுத் தட்டுகள் நீலம் பாய்ந்து வளைகின்றன. உராய்வுப் பரப்பு மெருகேறிப் பற்றுத்திறனை இழக்கிறது.

இரண்டாவது காரணம் மோதல் ஆகும். இரட்டை உருளை எஞ்சினின் விட்டுவிட்டு எழும் முறுக்குவிசையால் தட்டுகளின் காதுகள் கூடையின் பிளவுகளில் இடைவிடாது மோதுகின்றன. அவ்வதிர்வைத் தணிக்க எண்ணெய்ப் படலம் இல்லாததால் பிளவுகளில் பள்ளங்கள் விழுகின்றன. டுகாட்டிக்கே உரிய 'கடகட' ஒலியும் இவ்விடைவெளிகளால் எழுவதே.

அறிகுறிகள்

* வழுக்கல்: எஞ்சின் வேகம் உயர்ந்தும் வண்டியின் வேகம் அதற்கேற்ப உயராமை. தட்டுத் தேய்மானமோ, பழுதான அடைப்பான் வழியே தட்டுகளில் படியும் எண்ணெயோ காரணமாகலாம். முந்திச் செல்லும்போது இது ஆபத்தானது.
* இழுவை: கைப்பிடியை முழுதும் இழுத்தும் வண்டி நகர முற்படுதல், நடுநிலை எளிதில் விழாமை. வளைந்த தட்டுகள், பள்ளம் விழுந்த கூடை, நீர்ம அழுத்த அமைப்பிலுள்ள காற்று அல்லது கசிவு ஆகியன காரணமாகலாம்.

பராமரிப்பு

தட்டடுக்கின் மொத்தத் தடிமனையும் எஃகுத் தட்டுகளின் தட்டைத்தன்மையையும் அளந்து, தயாரிப்பாளர் குறிப்பிடும் எல்லையுடன் ஒப்பிட வேண்டும். பள்ளம் விழுந்த கூடையை மாற்றாமல் புதிய தட்டுகளை மட்டும் பொருத்தினால், அவற்றின் காதுகள் விரைவில் சிதையும். நெரிசலில் அரைப்பிடியில் ஊர்வதைத் தவிர்த்து, முன்னே இடைவெளி உருவானபின் நகர்வது தட்டுகளின் ஆயுளை நீட்டிக்கும்.

நனைந்த வகைக்கு மாற்றம்

2007இல் வெளிவந்த டுகாட்டி 1098 உலர் உரசிணைப்பியைக் கொண்டிருந்தது. அதன் இளைய வடிவமான 848 நனைந்த வகையுடன் வந்தது. 2011இல் அறிமுகமான 1199 பனிகாலேயும் நனைந்த வகையையே ஏற்றது. எனினும் பந்தயத் தேவைகளை முன்னிட்டு 2018இல் அறிமுகமான பனிகாலே வி4 ஆர் மீண்டும் உலர் வகையைப் பெற்றது.