கோவாவின் சட்டமும் இல்லறத்தின் சரிபாதியும்

பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மனோர்க்கு மொழி, உணவு, உடை ஆகியவற்றின் வேற்றுமை முதல் நாளிலேயே தெரிந்துவிடும். சட்டத்தின் வேற்றுமையோ எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. பாரத நாடு முழுமைக்கும் அரசியலமைப்பு ஒன்றே, உச்சநீதிமன்றமும் ஒன்றே. ஆதலின் இல்லறம் பற்றிய சட்டமும் எங்கும் ஒருபடித்தாகவே இருக்கும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். மேலைக் கடற்கரையில் உள்ள கோவாவை உற்று நோக்கினால் இவ்வெண்ணம் மாறும். அங்கே சட்டம், வெவ்வேறு காலத்து ஊற்றுக்கள் மூன்று கலந்து ஓடும் ஆறு போன்றது. அவற்றுள் ஒன்று அந்நியர் விட்டுச் சென்றது. அந்நியர் அகன்ற பின்னும் அவ்வூற்று ஏன் வற்றாது நிற்கிறது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

ஊர் வழக்காறு

கோவாவின் சட்டத்துக்கு மிகப் பழைய மூலம் ஊர் வழக்காறே. ஒவ்வோர் ஊரிலும் முதற்குடிகளாகிய காவ்ங்கார்கள் நிலத்தைப் பொதுவில் வைத்து ஆண்டனர். வயல்களை ஏலத்தில் குத்தகைக்கு விட்டனர். வந்த வருவாயில் ஊர்ச் செலவும் அரசிறையும் போக, எஞ்சியதைத் தமக்குள் பங்கிட்டுக் கொண்டனர். தமிழகத்துக் காணியாட்சி ஊர்களின் வரலாற்றை அறிந்தோர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

1510-இல் கோவாவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர் இவ்வமைப்பை அடியோடு அழிக்கவில்லை. 1526-இல் அபோன்சோ மெஷியா என்னும் உயர் அதிகாரி, இவ்வழக்கங்களைத் தொகுத்து 'போரால்' என்னும் சாசனமாக எழுதுவித்தார். வாய்வழி வந்த வழக்காறு இவ்வாறு ஏட்டில் ஏறியது. 'கொமுனிதாத்' என்னும் பெயருடன் அவ்வூர் அமைப்புகள் இன்றும் உள்ளன. ஆயினும் இவ்வழக்காற்றில் ஒரு குறை உண்டு. ஊர் வருவாயில் கிடைத்த பங்கு ஆண்வழியினர்க்கே சென்றது. மகளுக்கு அதில் இடமில்லை.

1867-ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பு

இரண்டாம் ஊற்று போர்ச்சுகலிலிருந்து வந்தது. சேயப்ரா என்னும் சட்ட அறிஞர் வரைந்த குடிமைச் சட்டத்தொகுப்பு அந்நாட்டில் 1867-இல் நிறைவேறியது. 1870 ஜூலை முதல் நாளிலிருந்து கடல் கடந்த பகுதிகளிலும் நடைமுறைக்கு வந்தது. கோவா இந்துக்களின் சில பழக்க வழக்கங்களைக் காக்கும் பொருட்டு 1880-இல் தனி ஆணை ஒன்று பிறந்தது. 1910-இல் போர்ச்சுகல் குடியரசானதும், அதே ஆண்டில் மணவிலக்குச் சட்டமும் பதிவுத் திருமணச் சட்டமும் வந்தன.

இத்தொகுப்பின் உயிர்நிலை யாது எனின், இல்லறத்தின் செல்வம் இருவர்க்கும் பொது என்னும் கொள்கையே. திருமணத்திற்கு முன்னரே வேறுவகையாக ஒப்பந்தம் எழுதிக்கொண்டாலன்றி, மணமக்களின் உடைமைகள் ஒன்றாகிவிடும். அதில் ஆளுக்குப் பாதி. வீடு நிலங்களை மனைவியின் இசைவின்றிக் கணவன் விற்றல் இயலாது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். ஒருவன் தன் ஊதியத்தைக் கொண்டு தன் பெயரிலேயே வீடு ஒன்று வாங்கினான் என்க. பத்திரத்தில் மனைவியின் பெயர் இல்லை. எனினும் பாதி வீடு அவளுடையது. அவன் இறந்தால் எஞ்சிய பாதியே பங்கீட்டுக்கு வரும். அப்பாதியிலும் பாதியை, அதாவது மொத்தத்தில் கால் பங்கை மட்டுமே அவன் விரும்பியவர்க்கு உயில் எழுதலாம். மற்றொரு கால் பங்கு மக்களுக்குக் கட்டாயம் சேரவேண்டும். மூன்று மக்கள் எனின் மூவர்க்கும் சமமே. மகன் என்றும் மகள் என்றும் வேற்றுமை இல்லை.

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தை இதனோடு ஒப்பிடுவோம். கணவன் தேடிய பொருளில், அவன் உயிரோடு இருக்கும்வரை மனைவிக்கு அச்சட்டம் பங்கு எதுவும் தரவில்லை. தானே தேடிய பொருள் முழுவதையும் அவன் எவர்க்கும் உயில் எழுதலாம். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை நாடு முழுமைக்கும் கிடைத்தது 2005-இல்தான்.

விடுதலைக்குப் பின்

1961 டிசம்பர் 19-ஆம் நாள் கோவா விடுதலை பெற்றது. மறு ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய நிர்வாகச் சட்டம், அதுவரை நடைமுறையில் இருந்த சட்டங்கள் மாற்றப்படும் வரையோ நீக்கப்படும் வரையோ தொடரும் என்றது. பின்னர் இந்தியத் தண்டனைச் சட்டம் போன்றவை கோவாவுக்கு வந்தன. குடும்பச் சட்டமோ நிலைத்தது. போர்ச்சுகலே 1966-இல் புதிய தொகுப்பு இயற்றிப் பழையதைக் கைவிட்டது. தாய்வீட்டில் வழக்கொழிந்த சட்டம் கோவாவில் வாழ்ந்தது வியப்பேயாம்.

நீதிமன்ற அமைப்பும் மாறியது. 1544-இல் தோன்றிய கோவா உயர்நீதிமன்றத்தின் தீர்ப்புகள்மேல் ஒரு காலத்தில் லிஸ்பனுக்கு மேல்முறையீடு சென்றது. விடுதலைக்குப் பின் அம்மன்றத்தின் இடத்தில் நீதி ஆணையர் மன்றம் அமைந்தது. 1982 முதல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஆட்சி எல்லை கோவாவையும் தழுவியது. மேல்முறையீட்டின் இறுதிப்படி இப்போது புதுதில்லியில் உள்ளது. சட்டத்தின் ஊற்று வேறாயினும் நீதியின் படிக்கட்டு ஒன்றேயாயிற்று.

மத்திய அரசும் இப்பாதிப் பங்கினை மதித்தது. வருமான வரிச் சட்டத்தில் 1994-இல் சேர்க்கப்பட்ட 5ஏ பிரிவு, இத்தொகுப்புக்கு உட்பட்ட கணவன் மனைவியரின் ஊதியம் ஒழிந்த பிற வருமானத்தை இருவர்க்கும் சமமாகப் பகுத்து வரி கணித்தது. 2012-இல் கோவாச் சட்டமன்றம் வாரிசுரிமைப் பகுதியைத் தன் சொந்தச் சட்டமாகவே புதுக்கி இயற்றியது. அது 2016 முதல் நடைமுறைக்கு வந்தது.

குடிபெயர்ந்தோராகிய நாம் சிறப்பாகக் கருதத்தக்க தீர்ப்பு 2019-இல் வெளிவந்தது. கோவாவைத் தாயகமாகக் கொண்ட ஒருவர் பம்பாயில் வாங்கிய வீட்டுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பது வழக்கு. அதற்கும் கோவாவின் சட்டமே பொருந்தும் என உச்சநீதிமன்றம் தீர்த்தது. போர்ச்சுகலில் பிறந்ததாயினும், நம் நாடாளுமன்றம் ஏற்று நிறுத்தியதால் அது இந்தியச் சட்டமே என்றும் தெளிவுறுத்தியது. வீடு பம்பாயில் இருந்தமையால் மக்களின் கட்டாயப் பங்கு மறையவில்லை.

குறையும் நிறையும்

இச்சட்டத்தில் குறையே இல்லை என்பதன்று நம் கருத்து. பொதுச் சொத்தின் நிர்வாகத்தை அது கணவன் கையிலேயே வைத்தது. மகப்பேறு இல்லாவிடில் இந்துக் கணவன் சில வரையறைகளுக்கு உட்பட்டு மறுமணம் புரிய 1880-ஆம் ஆண்டின் ஆணை இடந்தந்தது. எல்லோர்க்கும் பொதுவான குடிமைச் சட்டத்துக்கு அரசு முயலவேண்டும் என்னும் அரசியலமைப்பின் 44-ஆம் பிரிவைப் பற்றிப் பேசுவோர் கோவாவைச் சான்று காட்டுவர். அவர்கள் இவ்விலக்குகளையும் உடன் கூறுதல் முறையாகும்.

எனினும், சட்டம் நிலைப்பது அதனை இயற்றியவர் பெருமையால் அன்று. அது காக்கும் பொருளின் பெருமையால் என்பதே கோவா நமக்கு உணர்த்தும் பாடம். வீட்டில் உழைத்தவளுக்கும் அவ்வீட்டில் பாதி உண்டு என்பது எந்நாட்டார் எழுதினாலும் அறமே. நம் குடியிருப்பில் உள்ள வீட்டுப் பத்திரங்கள் பலவற்றில் கணவன் பெயர் ஒன்றே காணப்படுகிறது. ஊர் விட்டு ஊர் வந்து, சிக்கனமாய்க் குடும்பம் நடத்தி, அவ்வீட்டை வாங்கத் துணை நின்றவள் பெயர் அதில் இல்லை. நமக்குரிய சட்டம் அதனைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் எச்சட்டமும் அதனைத் தடுக்கவும் இல்லை. அடுத்து நாம் எழுதும் பத்திரத்தில் இருவர் பெயரும் இடம்பெறுக.