பிள்ளை குடியிருக்கும் ஊர்

ஐயப்பன்தாங்கல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. ஒட்டியே இருக்கும் போரூர் சென்னை மாவட்டம். புருஷன் பெண்டாட்டி பிரியும் வீட்டில் இந்த எல்லை பெரிய விஷயமாகிவிடும். மனைவி தான் இப்போது வசிக்கும் இடத்திலேயே விவாகரத்து மனு போடலாம். இந்துத் திருமணச் சட்டத்தில் 2003-இல் சேர்ந்த உரிமை அது. பிள்ளையைக் கேட்டுத் தனியாக மனு போட்டால் தாய், தகப்பன் முகவரி செல்லாது. பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ, அந்த எல்லைக்குரிய நீதிமன்றம்தான் விசாரிக்கும். 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் 9-ஆம் பிரிவு அது.

ஏட்டில் கிடந்த அந்தப் பிரிவின் வலுவை ஊரறியச் செய்த வழக்கு நம் பக்கத்தில்தான் தொடங்கியது. அன்று அடையாறும் செங்கல்பட்டு மாவட்டம், ஐயப்பன்தாங்கலும் செங்கல்பட்டு மாவட்டம். அடையாறு பிரம்மஞான சபையில் வேலை பார்த்த நாராயணய்யா, மனைவியை இழந்தவர். 1910 மார்ச்சில் தம் மகன்கள் கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவரையும் வளர்க்கும் பொறுப்பைச் சபைத் தலைவர் அன்னி பெசன்ட்டுக்கு எழுதிக் கொடுத்தார். பெசன்ட் அவர்களைப் படிக்க இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். தகப்பன் மனம் மாறி, 1912-இல் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாறியது. தகப்பனுக்கு வாதாடியவர் சி.பி.ராமசாமி ஐயர்; பெசன்ட் தாமே வாதாடினார். 1913-இல் தகப்பன் வென்றார், மேல்முறையீட்டிலும் வென்றார்.

1914 மே மாதம் லண்டன் பிரிவி கவுன்சில் அதைப் புரட்டிப் போட்டது. பிள்ளைகள் இங்கிலாந்தில் வசிக்கும்போது செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு அவர்கள்மேல் அதிகாரம் இல்லை என்றது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் சொன்னது: தகப்பன் எழுதிக் கொடுத்தது திரும்பப் பெறக்கூடியதே, பிள்ளைகளின் நலனுக்கு வேண்டுமானால், எந்த ஒப்பந்தம் இருந்தாலும் அவர்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். கொள்கையில் வென்று பிள்ளைகளை இழந்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. ஆனாலும் பெரியவர்கள் இருக்கும் இடத்தை விட்டுப் பிள்ளை இருக்கும் இடத்தைப் பார்த்த அந்தத் தீர்ப்பு சரியானது என்றே நம்புகிறேன்.

1956-இல் வந்த இந்துக் காப்பாளர் சட்டம் ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்றது. எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையின் நலனை வைத்தது.

நம் தெருக்களில் இன்றும் பெரியவர்கள் கூடிப் பேசி, "பிள்ளையை இனிக் கேட்க மாட்டேன்" என்று தாயிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அந்தத் தாளைக் கண்டு எந்தத் தாயும் அஞ்ச வேண்டாம். அது நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மனுவைத் தள்ளிப் போடக் கூடாது. பிள்ளை வேறு ஊர்ப் பள்ளியில் சேர்ந்து அங்கேயே நிலைத்துவிட்டால், வழக்கும் அந்த ஊருக்குப் போய்விடும்.