புதுமண்டபம் (மதுரைக் கடைவீதி)

புதுமண்டபம், மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, கிழக்குச் சித்திரை வீதியை ஒட்டி அமைந்துள்ள கல் மண்டபம். திருமலை நாயக்கர் (ஆட்சிக்காலம் 1623–1659) இறைவனின் வசந்த விழாவுக்காக இதைக் கட்டினார். பின்னாளில் துணி, தையல், புத்தகம், பாத்திரம், வளையல், பூசைப் பொருள் எனப் பலவகைக் கடைகள் இதன் தூண்களுக்கு இடையே அமைந்து, தென் மாவட்ட மக்கள் தேடிவரும் கடைவீதியாக இது வளர்ந்தது. அண்மை ஆண்டுகளில் கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. நாயக்கர் காலச் சிற்பக்கலைக்கும் மதுரையின் சிறுவணிக வரலாற்றுக்கும் ஒருசேரச் சான்றாக நிற்பது இந்த மண்டபம்.

அமைப்பும் நோக்கமும்

கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் இம்மண்டபம் சுமார் 330 அடி நீளமும் 105 அடி அகலமும் உடையது. நான்கு வரிசைகளில் 124 தூண்கள் உள்ளன. மேற்குக் கோடியில் மெருகேற்றிய கருங்கல்லால் ஆன சிறு வசந்த மண்டபம் இருக்கிறது. வைகாசி வசந்த விழாவின்போது அம்மனும் சுவாமியும் கோயிலிலிருந்து எழுந்தருளி இங்கே வீற்றிருப்பார்கள். கோடை வெக்கை தணிவதற்காக மண்டபத்தைச் சுற்றிலும் அகழிபோல் பள்ளம் அமைத்து நீர் நிரப்பினார்கள். நான்கு பக்கமும் திறந்த மண்டபம், சுற்றிலும் தண்ணீர், மேலே கனத்த கல்கூரை. சித்திரை, வைகாசி வெயிலில் காற்றைக் குளிர்விக்க அக்காலத்தார் கண்ட வழி இது. வசந்த மண்டபம் என்பதே இதன் பழைய பெயர். ஆங்கிலேயர் இதைத் திருமலை நாயக்கர் சத்திரம் என்று எழுதிவைத்தார்கள்.

நடுப்பாதையின் இருபுறத் தூண்களிலும் விசுவநாத நாயக்கர் முதல் திருமலை நாயக்கர் வரையிலான பத்து அரசர்களின் ஆளுயரச் சிலைகள் உள்ளன. கூப்பிய கையும் தொந்தியும் முறுக்கு மீசையுமாகத் தம் தேவியருடன் நிற்கும் திருமலை நாயக்கரை உள்ளூர்க்காரர் யாரும் எளிதில் அடையாளம் சொல்வார்கள். மற்றத் தூண்களில் ஊர்த்துவ தாண்டவர், காளி, ஏகபாதமூர்த்தி, மீனாட்சி திருக்கல்யாணம், தடாதகைப் பிராட்டி முதலிய உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. திருவிளையாடல் கதைகளில் கல்யானை கரும்பு தின்ற காட்சி குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தது. ஒருவர் கரும்பை நீட்ட, கல்லில் வடித்த யானை துதிக்கையால் அதை வாங்குகிறது.

கிழக்கே, மண்டபத்தை அடுத்து, முற்றுப்பெறாத இராயகோபுரம் நிற்கிறது. அதன் வாசலில் ஐம்பது அடிக்கும் மேல் உயரமான ஒற்றைக்கல் நிலைகள் உள்ளன. கோபுரம் எழும்பியிருந்தால் மதுரையின் மற்றக் கோபுரங்களை விஞ்சியிருக்கும் என்பதற்கு அதன் அடித்தளமே சாட்சி. இந்த வாசலுக்குள்ளும் கடைகள் புகுந்தன.

1792இல் மதுரைக்கு வந்த ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியல் இம்மண்டபத்தை ஓவியமாகத் தீட்டினார். 1858இல் ஒளிப்படக் கலைஞர் லினேயஸ் ட்ரைப் இதை ஒளிப்படம் எடுத்தார். மதுரையில் மிகப் பழைய காலத்திலேயே ஒளிப்படத்தில் பதிந்த கட்டடங்களில் இதுவும் ஒன்று.

செவிவழிக் கதை

மண்டபம் பற்றி மதுரையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. சிற்பி சுமந்திரமூர்த்தி ஆசாரி அரசியின் சிலையைச் செதுக்கும்போது தொடையில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. எத்தனை முறை முயன்றும் அதைத் தவிர்க்க முடியவில்லை. திருமலை நாயக்கரின் அமைச்சர் நீலகண்ட தீட்சிதர், "அந்த இடத்தில் அரசிக்கு மச்சம் இருக்கும், அப்படியே விட்டுவிடும்" என்றார். இது அவருக்கு எப்படித் தெரியும் என்று அரசர் ஐயுற்றார். மன்னரின் சினத்தை உணர்ந்த தீட்சிதர், ஆள் வருமுன் தாமே கற்பூரச் சுடரால் கண்களை அவித்துக்கொண்டார். பிறகு மீனாட்சியைப் பாடிப் பார்வை பெற்றார் என்பது கதை. அவர் இயற்றிய ஆனந்தசாகர ஸ்தவத்தை இந்நிகழ்ச்சியோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். கதையின் வரலாற்று உண்மை எதுவாயினும், சிலையைக் காட்டி இதைச் சொல்லாத புதுமண்டபத்து வியாபாரிகள் அரிதாகவே இருந்தனர்.

கடைகளின் வருகை

கோயில் வாசல் எப்போதும் சந்தைக்கு ஏற்ற இடம். மதுரையிலோ, கோயிலைச் சுற்றிய சித்திரை, ஆடி, ஆவணி மூலம், மாசி வீதிகள் ஒன்றையொன்று சூழ்ந்த சதுரங்களாக அமைந்ததால், ஊரின் எந்தத் தெருவில் புகுந்தாலும் அது கோயில் வாசலில் கொண்டுவந்து விட்டது. கிராமத்திலிருந்து வந்தவர் அம்மனைக் கும்பிட்டுக் கிழக்கு வாசல் வழியே வெளியேறினால் முதலில் கண்ணில் படுவது புதுமண்டபம். வசந்த விழா நடக்கும் சில நாள்கள் போக ஆண்டு முழுவதும் நிழலும் கல் தரையுமாகக் கிடந்த இடத்தில் வணிகர்கள் குடியேறியது இயல்பாக நடந்தது. ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடைப்பட்ட இடம் ஒரு கடை. வாடகை கோயிலுக்கு.

காதுகுத்து, கல்யாணம், கோயில் கொடை எதுவானாலும், வேண்டியதில் பெரும்பகுதி இங்கே ஒரே கூரையின்கீழ்க் கிடைத்தது. தாலிக்கயிறு, மஞ்சள், குங்குமம், பாசி, வளையல், குத்துவிளக்கு, செம்பு, பூணூல், பஞ்சாங்கம், பள்ளிப் பாடநூல், ஆண்டுவிழா நாடகத்துக்குக் குழந்தை உடுத்தும் கிருஷ்ணர் வேடம் என எல்லாவற்றுக்கும் கடை இருந்தது.

புத்தகக் கடைகள்

தமிழ் அச்சு வரலாற்றில் புதுமண்டபத்துக்குத் தனி இடம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளியான ஏராளமான மலிவுவிலை நூல்களின் முகப்பில் "புதுமண்டபம், மதுரை" என்ற முகவரியைக் காணலாம். இ.மா. கோபாலகிருஷ்ணக் கோனார் இங்கிருந்து நூல்களை வெளியிட்டவர்களில் பெயர்பெற்றவர். பெரிய எழுத்தில் அச்சிட்ட அல்லி அரசாணி மாலை, அம்மானைகள், தல புராணங்கள், சோதிடம், சித்த வைத்தியம், நாடகப் பாடல்கள், அன்றைய பரபரப்புச் செய்திகளைப் பாடும் சிந்துகள் ஆகியவை இவ்வகைக் கடைகளின் சரக்கு.

கற்றோர் அவையில் இடம்பெறாத இந்நூல்களே கிராமத்துத் திண்ணைகளில் உரக்கப் படிக்கப்பட்டன. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாச சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய காலத்தில், இந்நகரம் நாடகக் கலையின் தலைநகராக இருந்தது. மேடையில் கேட்ட பாட்டை வீட்டுக்கு எடுத்துச்செல்ல மக்கள் தேடியது இத்தகைய பாட்டுப் புத்தகங்களைத்தான். தமிழ் வாசகர் கூட்டம் எப்படி உருவானது என்று ஆராய்பவர்கள் பல்கலைக்கழக நூலகங்களுக்குச் செல்லுமுன் கணக்கில் எடுக்க வேண்டிய இடம் புதுமண்டபம்.

தையற்கலைஞர்களும் சித்திரைத் திருவிழாவும்

கடைவீதியின் உயிர்நாடியாக இருந்தது தையல் இயந்திரங்களின் ஓசை. தூணின் அடியில் இயந்திரத்தைப் போட்டு, தலைக்கு மேல் கயிற்றில் தைத்த துணியைத் தொங்கவிட்டு, காலை முதல் இரவு வரை தைத்தார்கள். அன்றாட உடைகள், தலையணை உறைகளோடு, கோயில் குடை, தொம்பை எனப்படும் உருளை வடிவத் தொங்கல், தோரணம், திரைச்சீலை, சாமிக்குச் சாத்தும் உடை, தேர் அலங்காரத் துணி ஆகியவையும் இவர்களது கைவண்ணம். இத்தொழிலில் முஸ்லிம்கள் பலர் தலைமுறைகளாக ஈடுபட்டிருக்கிறார்கள். அழகர்கோயில் பெருமாளான கள்ளழகருக்கு நேர்ந்துகொண்ட பக்தரின் உடையை ஒரு முஸ்லிம் தையற்காரர் அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பது இங்கே யாரும் வியந்து பேசாத வழக்கம். மதுரையின் பெருமைகளுள் முதன்மையானதாக இதைச் சொல்ல வேண்டும்.

பங்குனி பிறந்ததும் வேலை சூடுபிடிக்கும். மீனாட்சி திருக்கல்யாணத்தையும் அழகர் வைகை ஆற்றில் இறங்கும் விழாவையும் சித்திரையில் ஒருசேர நடக்கும்படி இணைத்தவர் திருமலை நாயக்கர் என்பது மரபு. அவ்விழாவில் திரியெடுத்து ஆடுவோர், சாட்டையடித்து ஆடுவோர், துருத்தியால் நீர் பீய்ச்சுவோர் என வேண்டுதல் வைத்தவர்கள் பல வகையினர். அவர்களுக்கென்று தனி உடை உண்டு. முழங்கால் வரை வரும் சல்லடம், இடுப்பில் கச்சை, தலையில் உருமால் அல்லது குல்லாய். சிவப்பு, மஞ்சள், பச்சை வெல்வெட்டுத் துணியை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்துத் தைத்து, ஓரத்தில் ஜரிகை ஓட்டி, சம்கியும் கண்ணாடிச் சில்லும் வைத்து, கடைசியில் குஞ்சம் கட்டுவார்கள். சல்லடம் ஆட்டத்துக்கான உடை என்பதால் கால் வீச்சுக்குத் தடையில்லாமல் அகலமாகவும், வியர்வையிலும் தண்ணீரிலும் பிரியாதபடி கெட்டித் தையலாகவும் இருக்க வேண்டும். இந்த நுட்பம் எழுத்தில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றதே பாடம்.

சுற்றியுள்ள கடைத்தெருக்கள்

புதுமண்டபம் தனித்து நின்ற சந்தை அன்று. அருகிலுள்ள எழுகடல் தெரு, மீனாட்சியின் தாய் காஞ்சனமாலைக்காக இறைவன் ஏழு கடல்களையும் வரவழைத்த திருவிளையாடலோடு தொடர்புடையது. அங்கிருந்த குளம் இன்று இல்லை. எழுத்தாணிக்காரத் தெருவும் வெண்கலக்கடைத் தெருவும் அங்கு நடந்த தொழில்களால் பெயர் பெற்றவை. தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளுக்குப் பேர்போனது. விளக்குத்தூண் பகுதி துணி வணிகத்தின் மையம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, வெளி வீதிகளை உருவாக்கி மதுரையை விரிவாக்கிய கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக எழுப்பப்பட்டது அந்த விளக்குத்தூண். நகையை ஆவணி மூல வீதியிலும், பட்டை விளக்குத்தூணிலும், மீதியைப் புதுமண்டபத்திலும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவது கல்யாண வீட்டார் பலரின் நடைமுறையாக இருந்தது.

இடமாற்றம்

கடைகளால் சிற்பங்களுக்குச் சேதம் நேர்கிறது என்ற கவலை நெடுநாள் இருந்தது. அலமாரிகளுக்குப் பின்னால் சிலைகள் மறைந்தன. தூண்களில் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தன. 2018 பிப்ரவரி 2 இரவு கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் ஏற்பட்ட தீ விபத்தில் அங்கிருந்த கடைகள் எரிந்து, மண்டபமும் சிதைந்தது. துணியும் காகிதமும் குவிந்த புதுமண்டபத்தில் அப்படி நேர்ந்தால் என்னாகும் என்ற அச்சம் அதன்பின் வலுத்தது. பொலிவுறு நகரத் திட்டத்தின்கீழ்க் குன்னத்தூர் சத்திரம் புதுப்பித்துக் கட்டப்பட்டு, கடைகள் அங்கே மாற்றப்பட்டன. மண்டபத்தில் சீரமைப்புப் பணிகள் தொடங்கின.

சிற்பங்களைக் காக்க இந்த மாற்றம் தேவைதான். ஆனால் கோயிலிலிருந்து வெளியே வரும் கூட்டத்தை நம்பிய சிறுவணிகருக்கு, சில நூறு அடி தள்ளிப்போவதும் மாடி ஏறுவதும் பிழைப்பைப் பாதிப்பவை. மாறிய இடத்திலும் தையல் நடக்கிறது. சித்திரைக்கு ஆள்கள் தேடிவரத்தான் செய்கிறார்கள்.

வரலாற்றுச் சிறப்பு

புதுமண்டபத்தின் வரலாற்றை நாயக்கர் காலத்தோடு நிறுத்திவிட்டு, கடைகள் இருந்த காலத்தை ஆக்கிரமிப்பாக மட்டும் எழுதுவது அரை வரலாறு. வசந்த விழாவுக்காக அரசர் கட்டிய மண்டபத்தில், அரசர் போன பின்னும் சித்திரைத் திருவிழாவுக்கு உடை தைத்துக் கொடுத்தவர்கள் இந்தத் தையற்காரர்கள். திருவிளையாடல் சிற்பங்கள் நிறைந்த தூண்களுக்கு இடையே புராணத்தையும் பாட்டையும் எளியவர் கைக்குச் சேர்த்தவர்கள் இந்தப் புத்தக வணிகர்கள். சீரமைத்த மண்டபத்தில் சிற்பங்களுக்கு விளக்கப் பலகை வைக்கும்போது, இங்கே அச்சேறிய நூல்களுக்கும் தைத்த சல்லடங்களுக்கும் ஒரு மூலையேனும் ஒதுக்க வேண்டும். பழைய வெளியீடுகளைத் திரட்டுவதும், மூத்த தையற்கலைஞர்களின் வெட்டு முறையையும் நினைவுகளையும் அவர்கள் வாய்மொழியாகவே பதிவுசெய்வதும் உடனே செய்ய வேண்டிய பணி. கல் இன்னும் பல நூற்றாண்டுகள் நிற்கும். கைத்தொழிலின் அறிவுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.