புறமுதுகு

தமிழ்த் திரைப்படத்தைப் பற்றிய நம் எழுத்துகளில் பாட்டுக்கும் வசனத்துக்கும் கிடைத்த இடம் சண்டைக்குக் கிடைக்கவில்லை. சண்டைப் படம், அதிலும் குறைந்த செலவில் எடுத்த சண்டைப் படம் என்றால், இலக்கிய வாசகர் முகம் சுளிப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் சண்டையைக் கூர்ந்து பார்க்கும் கண் நம் மரபுக்குப் புதிதன்று. புறநானூற்றின் 80ஆம் பாடலில் சாத்தந்தையார், போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைப் பாடுகிறார். கிள்ளி வென்றான் என்ற செய்தியோடு அவர் நின்றுவிடவில்லை, கால்களைக் காட்டுகிறார். ஒரு கால் மல்லனின் மார்பில் ஊன்றியிருக்கிறது. மற்றது அவன் சூழ்ச்சியைத் தடுத்துப் பின்புறம் வளைகிறது. மகனோடு பகைகொண்ட தந்தை தித்தன் இதைக் காணவேண்டும் என்கிறார் புலவர். சண்டைக்காட்சியை மதிப்பிட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை: கால்கள் தெரிகின்றனவா?

வேடிக்கை என்னவென்றால், பணமில்லாத படங்களில்தான் கால்கள் தெரிந்தன. ஒரே கேமரா, கச்சா பிலிமின் விலையோ கையைக் கடிக்கும். கேமராவைத் தள்ளி நிறுத்தி இருவரையும் முழு உருவமாகக் காட்டுவதே சிக்கனம். அடியாட்கள் பத்துப் பேர் சுற்றி நின்றும் ஒருவர் பின் ஒருவராக வந்து அடிவாங்குவதைப் பார்த்து நாம் சிரித்திருக்கிறோம். அதற்கும் சிக்கனமே காரணம். ஐவர் ஒருசேரப் பாய்ந்தால் ஒருவர் தவறினாலும் மறுபடி எடுக்கவேண்டும், பிலிம் வீண். நொடிக்கு 24 சட்டகம் என்ற வேகத்தைச் சற்றுக் குறைத்துப் படமெடுத்து, திரையில் கைகால்களைப் பறக்கவிட்டதும் காசில்லாத மூளையின் தந்திரமே.

இவ்வகைப் படங்களின் வரலாறு பேசாப்படக் காலத்திலேயே தொடங்குகிறது. புதுக்கோட்டைக்காரரான பி.கே. நாகலிங்கம் உடற்பயிற்சி வீரர். மும்பையின் பேசாப்படங்களில் அவர் புகழ்பெற்றது ராஜா சாண்டோ என்ற பெயரில். சாண்டோ என்பது ஐரோப்பாவின் புகழ்பெற்ற பயில்வான் ஒருவரின் பெயர். 1931இல் படம் பேசத் தொடங்கியதும் நாடகமேடையின் பாடகர்கள் திரையை நிறைத்தார்கள். உடல் பின்னுக்குப் போனது. ஆனால் முற்றிலும் மறையவில்லை. 1935இல் மும்பையில் நாடியா நடித்த ‘ஹண்டர்வாலி’ வெற்றி பெற்றது. 1937இல் கே. அமர்நாத் இயக்கிய தமிழ்ப்படம் ‘மின்னல்கொடி’யில் கே.டி. ருக்மணி கொள்ளைக்காரி வேடத்தில் சண்டையிட்டார். பிற்காலச் சண்டைப் படங்களில் பெண்ணுக்குக் கிடைத்தது கட்டப்பட்ட நாற்காலியும் ஒரு நடனமும்தான் என்பதை நினைத்தால், அந்த 1937 எவ்வளவு முன்னால் இருக்கிறது!

இந்த வகை ஒரு தொழிலாகவே நிலைபெற்றது சேலத்தில். மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் 1963இல் மறைந்தபின், அவர் மகன் ராமசுந்தரத்தின் காலத்தில் ஜெய்சங்கரை வைத்துத் துப்பறியும் படங்கள் வரிசையாக வந்தன: ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘இரு வல்லவர்கள்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970). தளம் சொந்தம், கருவிகள் சொந்தம், ஏற்காடு மலை பக்கத்தில். ‘வல்லவன் ஒருவன்’ வழியாகச் சண்டைப் பயிற்சியாளராக வளர்ந்தவர் ஜூடோ கே.கே. ரத்தினம். 2023இல் மறையும்வரை இத்துறையின் பிதாமகராகக் கருதப்பட்டவர். 1980இன் ‘முரட்டுக்காளை’ ரயில் சண்டை பலருக்கு நினைவிருக்கும். ‘கற்பகம்’ படத்தின் ஒளிப்பதிவாளரான கர்ணன், தாமே இயக்குநராகி, ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972) என்று குதிரையும் துப்பாக்கியுமாகப் படமெடுத்தார். இத்தாலியர் தமக்கில்லாத அமெரிக்க மேற்கைக் குறைந்த செலவில் உருவாக்கிக்கொண்டது போல, இவர் தமிழ்நாட்டின் பொட்டல்வெளியில் ஒன்றை உருவாக்கினார். கதை வறட்சியானது, வசனம் அதைவிட. குதிரைகள் ஓடும்போது மட்டும் அந்தப் படங்களுக்கு உயிர் வருகிறது. 2010இல் சிம்புதேவன் எடுத்த ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ இவற்றைக் கேலிசெய்தது; ஆனாலும் அதில் ஓர் ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்று பெயர். அன்பில்லாதவன் அப்படிப் பெயர் வைக்கமாட்டான்.

ஹாங்காங்கிலும் இதே காலம், இதே பற்றாக்குறை. புரூஸ் லீ நாயகனாக நின்ற ‘தி பிக் பாஸ்’ (1971) தாய்லாந்தில் சுமார் ஒரு லட்சம் டாலரில் முடிந்த படம். அங்கே வேறுபட்டது ஒன்றுதான்: சண்டை தெரிந்தவனே நாயகன். பீக்கிங் ஓபரா பள்ளிகளில் சிறுவயதிலேயே சேர்க்கப்பட்டுக் கடும் பயிற்சி பெற்றவர்கள் ஜாக்கி சானும் சம்மோ ஹங்கும். நமக்கும் அப்படி ஒரு பள்ளி இருந்தது. பாய்ஸ் கம்பெனிகள் பாட்டோடும் வசனத்தோடும் கத்திச்சண்டையும் கற்பித்தன. எம்.ஜி.ஆர். அங்கிருந்து வந்தவர்; அவருடைய சிலம்பத்தில் மணிக்கட்டின் பழக்கம் தெரியும். அவரை வைத்து 16 படங்கள் எடுத்த சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவரும் உடலை வளர்த்து, சண்டை நடிகராகத் தொடங்கியவர்தான். பாய்ஸ் கம்பெனிகள் மறைந்தபின் அந்த நாற்றங்கால் வறண்டது. சிலம்பமும் குத்துவரிசையும் ஊர்களில் இருந்தன. நாயகர்கள் அங்கிருந்து வரவில்லை. முகம் ஓரிடத்திலும் வித்தை வேறிடத்திலும் என்று பிரிந்தது. இரண்டையும் ஒட்டவைக்கத் தேவைப்பட்டவர்தான் ‘டூப்’.

குறைந்த செலவுப் படத்தின் பெரிய பலவீனமாக நான் கருதுவது இதைத்தான். அட்டைப்பெட்டிக் குவியலும் வண்ண பல்பு எரியும் வில்லன் குகையும் மன்னிக்கத்தக்கவை. பெரும்புண் பட்டதற்காகச் சேரலாதன் வடக்கிருக்கவில்லை. புண் முதுகில் பட்டதே காரணம். வெண்ணிக் குயத்தியார் பாடிய அந்த நாணம் நம் மொழியில் இன்றும் ‘புறமுதுகு’ என்ற சொல்லில் வாழ்கிறது. டூப்பின் தொழிலோ கேமராவுக்கு முதுகைக் காட்டுவது. மாடியிலிருந்து குதிப்பவனும், கண்ணாடியை உடைத்துக்கொண்டு வருபவனும் அவனே. முகம் மட்டும் தெரியக்கூடாது. அதே மனிதன் மறுநாள் அடியாளாக நிற்கும்போது முகம் தாராளமாகத் தெரியும், ஏனெனில் அன்று அவன் தோற்கவேண்டும். வெல்லும்போது முதுகு, தோற்கும்போது முகம்.

நான் பணியாற்றும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் பீகார், ஒடிசா, அசாம் இளைஞர்கள் ஆறேழு பேர் ஓர் அறையில் தங்கியிருப்பார்கள். ஒரு மொழி எல்லாருக்கும் பொதுவாக அமைவதில்லை. கைபேசியைச் சுவரில் சாய்த்து அவர்கள் சேர்ந்து பார்ப்பது பெரும்பாலும் சண்டைப் படம். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் என்பது ஒரு காரணம். பகல் முழுதும் உடலால் உழைப்பவர்களுக்கு உடலின் உழைப்பு புரிகிறது என்பது என் ஊகம். ‘இவன் உண்மையாகவே விழுந்திருக்கிறான்’ என்று அவர்கள் கண்டுபிடிக்கும் வேகம், விமரிசகர் பலருக்கு இல்லை.

இப்பகுதியின் பெரிய தொழிற்சாலைகளில் விபத்தின்றிக் கழிந்த நாட்களின் எண்ணிக்கையைப் பலகையில் எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. பலகை விபத்தைத் தடுத்துவிடாது. விழுந்தவனைக் கணக்கில் எடுக்கும், அவ்வளவே. படப்பிடிப்புத் தளத்தில் அந்தக் கணக்கும் இல்லை. இது காசில்லாத படத்தின் நோய் மட்டுமன்று. 2025 ஜூலையில், பெயர்பெற்ற இயக்குநர் ஒருவரின் படத்துக்காக, நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் பாயும் காட்சியில் ஒரு சண்டைக் கலைஞர் உயிரிழந்தார்.

இந்தியத் தேசிய விருதுகளில் சண்டை அமைப்புக்கென ஒரு பிரிவு முதன்முதலாக 2017இல்தான் அறிவிக்கப்பட்டது. ‘புலிமுருகன்’ படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன் பெற்றார். ஆஸ்கர் இன்னும் தாமதம்: 2027இல் வெளிவரும் படங்களிலிருந்துதான் அந்த விருது. இவையும் அமைப்பாளருக்கு உரியவை, விழுந்தவருக்கு அல்ல. 1973இன் ‘எண்டர் தி டிராகன்’ படத்தில் புரூஸ் லீயிடம் கழுத்து முறிபடும் அடியாட்களுள் ஒருவர் ஜாக்கி சான். சில ஆண்டுகளில் அவர் நாயகனானார். இங்கே சண்டைக் கலைஞராக இருந்து உயர்ந்த பொன்னம்பலம் ‘நாட்டாமை’ (1994) வரை வந்து வில்லனாக நின்றார். மற்றவர்களைத் தேடிப் பழைய படங்களின் பெயர்ப்பட்டியலைப் பார்த்தால், பயிற்சியாளரின் பெயருக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ‘குழுவினர்’ என்ற ஒரு சொல்தான் இருக்கிறது.