உள்ளடக்க மேலாண்மை அமைப்புத் தெரிவு

உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்பது, நிரலாக்கம் அறியாதோரும் உலாவி வழியாகவே ஓர் இணையத்தளத்தில் எழுத்து, படம் முதலியவற்றைச் சேர்க்கவும் திருத்தவும் உதவும் மென்பொருள் ஆகும். ஒரு நிறுவனம் தனது இணையத்தளத்தை மீள்வடிவமைக்கும்போது எடுக்கும் முடிவுகளுள் இவ்வமைப்பைத் தெரிவு செய்வது முதன்மையானது. தோற்றத்தைப் பின்னர் எளிதில் மாற்றலாம். உள்ளடக்கம் முழுவதையும் வேறோர் அமைப்புக்குப் பெயர்ப்பது கடினம்.

செயற்படும் முறை

பெரும்பாலான அமைப்புகளில் உள்ளடக்கம் தரவுத்தளத்திலும், தோற்றம் வார்ப்புருக்களிலும் தனித்தனியே வைக்கப்படுகின்றன. வாசகர் ஒரு பக்கத்தைக் கோரும்போது வழங்கி இவ்விரண்டையும் இணைத்து அனுப்புகிறது. கூடுதல் வசதிகள் செருகுநிரல்கள் மூலம் சேர்க்கப்படுகின்றன.

பரவலாக அறியப்பட்டவை

* துருபல் - 2001 இல் வெளியானது.
* வேர்ட்பிரஸ் - 2003 இல் பி2 என்னும் வலைப்பதிவு மென்பொருளிலிருந்து கிளைத்தது.
* ஜூம்லா - 2005 இல் மாம்போ என்னும் அமைப்பிலிருந்து பிரிந்தது.

இவை மூன்றும் பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள்கள். இவற்றுக்கு உரிமக் கட்டணம் இல்லை. எனினும் வழங்கி, வடிவமைப்பு, பராமரிப்பு ஆகியவற்றுக்குச் செலவு உண்டு.

கருத்திற்கொள்ள வேண்டியவை

உரிமம்: தனியுரிம மென்பொருளின் விதிகளை அதன் உரிமையாளர் மாற்றக்கூடும். 2004 மே மாதத்தில் மூவபிள் டைப் 3.0 பதிப்பின் இலவசப் பயன்பாடு மட்டுப்படுத்தப்பட்டபோது, அதன் பயனர் பலர் வேர்ட்பிரஸுக்கு மாறினர்.

பாதுகாப்பு: 2014 அக்டோபர் 15 அன்று துருபல் 7 இல் கடுமையான பாதுகாப்புக் குறைபாடு ஒன்று அறிவிக்கப்பட்டு, திருத்தமும் உடன் வெளியிடப்பட்டது. ஏழு மணி நேரத்துக்குள் திருத்தம் செய்யப்படாத தளங்கள் ஊடுருவப்பட்டதாகவே கருதப்பட வேண்டும் என்று துருபல் பாதுகாப்புக் குழு பின்னர் எச்சரித்தது. ஆகவே இற்றைப்படுத்தலுக்குப் பொறுப்பானவர் யார் என்பதை நிறுவனம் முன்கூட்டியே முடிவு செய்தல் வேண்டும்.

பதிப்பின் ஆயுள்: 2011 இல் வெளியான துருபல் 7 க்கான ஆதரவு 2025 சனவரி 5 இல் முடிவுற்றது. 2015 இல் வெளியான துருபல் 8 பெருமளவு மாற்றியெழுதப்பட்டிருந்ததால், 7 இலிருந்து அதற்கு மாறுவது புதிய தளத்தை அமைப்பதற்கு ஒப்பாக இருந்தது. துருபல் 7 க்கு எழுதிய செருகுநிரல்கள் துருபல் 8 இல் நேரடியாக இயங்கவில்லை.

பயனர் உரிமைகள்: எழுதுபவர், சரிபார்ப்பவர், வெளியிடுபவர் என வேலை பகுக்கப்பட்டுள்ள நிறுவனங்களுக்கு, ஒவ்வொருவருக்கும் தனித்தனி அனுமதி வழங்கும் வசதி தேவை. ஒருவரே அனைத்தையும் கவனிக்கும் சிறு நிறுவனத்துக்கு இவ்வசதி சுமையாகலாம்.

பழைய முகவரிகள்

புதிய அமைப்பு பக்கங்களின் முகவரிகளை மாற்றினால், பிற தளங்களில் உள்ள இணைப்புகள் அறுபடும். தேடுபொறி வழியாக வருவோரும் பக்கத்தைக் காண இயலாது. இதைத் தவிர்க்க ஒவ்வொரு பழைய முகவரியும் 301 எனப்படும் நிலையான வழிமாற்றின் மூலம் புதிய முகவரியுடன் இணைக்கப்படுகிறது. பழைய பக்கங்களின் முழுப் பட்டியலைத் தயாரிப்பதே இதன் முதற்படி.

எடுத்துக்காட்டு

ஐக்கிய அமெரிக்காவின் வெள்ளை மாளிகை இணையத்தளம் 2009 அக்டோபரில் துருபலுக்கும், 2017 திசம்பரில் வேர்ட்பிரஸுக்கும் மாறியது. பெரிய தளங்களும் எட்டு ஆண்டுகளில் அமைப்பை மாற்ற நேர்வதால், உள்ளடக்கத்தைப் பொது வடிவங்களில் வெளியே எடுக்க இயலுமா என்பதைத் தெரிவுக்கு முன்பே சோதித்துப் பார்ப்பது நன்று.