நரகம் பாடியவர் நம்பிய மரணம்

1823ஆம் ஆண்டின் இறுதியில், இலண்டன் நகரின் ஒயிட்ஹால் பகுதியில் இருந்த பழைய அரசு ஆவணக் காப்பகத்தில், ராபர்ட் லெமன் என்னும் காப்பாளர் அலமாரிகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது தாளில் சுற்றிய கட்டு ஒன்று அகப்பட்டது. கட்டின் மேல் ஸ்கின்னர் என்னும் வணிகரின் பெயர் எழுதப்பட்டிருந்தது. உள்ளே எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட இலத்தீன் கையெழுத்துப்படி ஒன்றும், பழைய அரசாங்கக் கடிதங்களின் படிகளும் இருந்தன. கையெழுத்துப்படியின் பெயர் 'கிறித்தவக் கோட்பாடு'. அதன் ஆசிரியர் ஜான் மில்டன். அவர் மறைந்து அப்போது 149 ஆண்டுகள் கடந்திருந்தன.

ஆங்கில மக்கள் நரகம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் கண்முன் கொள்ளும் காட்சியில் பெரும்பகுதி மில்டன் தந்ததேயாகும். திருமறையில் ஆங்காங்கே சில சொற்களாகக் கிடக்கும் தீயையும் இருளையும் 'இழந்த சொர்க்கம்' என்னும் காப்பியத்தில் ஒரு நாடாகவே விரித்துக் காட்டியவர் அவர். அத்தகையவர், மனிதன் இறக்கும்போது ஆன்மாவும் உடலோடு இறந்துவிடுகிறது, உயிர்த்தெழும் நாள் வரை அது எங்கும் செல்வதில்லை என்று எழுதி வைத்திருந்தார் என்றால் வியப்பு எழாமல் இருக்குமா? கையெழுத்துப்படியின் முதற் பகுதியில் பதின்மூன்றாம் இயல் அதைத்தான் கூறியது.

மில்டனின் எண்ணத்தைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். எபிரேயரின் பழைய நூல்களில் இறந்தோர் சேரும் இடம் ஷியோல் எனப்பட்டது. நல்லவரும் தீயவரும் ஒருங்கே சென்று அடங்கும் நிழலுலகம் அது. கெகன்னா என்பது வேறு. எருசலேமின் தெற்கே அமைந்த இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர் அது. பிள்ளைகளைத் தீக்கிரையாக்கிய கொடிய வழிபாடு நிகழ்ந்த இடமென்று இழிவுற்ற அப்பெயர், பிற்காலத்தில் தண்டனைத் தீயைச் சுட்டும் சொல்லாயிற்று. கிரேக்கத்தில் எழுந்த புதிய ஏற்பாடு ஷியோலுக்கு ஈடாக ஹேடீஸ் என்னும் சொல்லையும், தண்டனைக்குக் கெகன்னாவையும் ஆண்டது. 1611இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு இவ்விரண்டையும் பெரும்பாலும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் புதிய ஏற்பாட்டில் ஒன்றைப் பாதாளம் என்றும் மற்றொன்றை நரகம் என்றும் பிரித்து வைத்தது, இவ்வகையில், ஆங்கிலத்தினும் தெளிவானது. சொற்கள் கலந்தால் கொள்கைகளும் கலந்துவிடும் என்பதைக் கவிஞர்க்கு எடுத்துரைக்கத் தேவையில்லை.

ஆன்மா தன் இயல்பிலேயே அழியாதது என்னும் கருத்து கிரேக்க மெய்யியலில், சிறப்பாகப் பிளேட்டோவிடம், உறுதி பெற்றது. இறந்தோர் உடலோடு எழுவர், அதன்பின் தீர்ப்புப் பெறுவர் என்பது எபிரேய மரபில் வளர்ந்த நம்பிக்கை. திருச்சபையின் தொடக்ககாலச் சான்றோர் இவ்விரண்டையும் பிணைத்தனர். பிணைப்பில் எப்போதும் ஒரு நெருடல் இருந்தது. மனிதன் இறந்தவுடனேயே ஆன்மா இன்பமோ துன்பமோ அடைந்துவிடுமானால், கடைசி நாளில் வரும் தீர்ப்புக்கு என்ன வேலை? மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஓரிகன், தண்டனை யாவும் தூய்மைப்படுத்தவே என்றும், இறுதியில் எல்லா உயிரும் இறைவனிடம் திரும்பும் என்றும் கருதினார். ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன் தம் 'இறைவனின் நகரம்' நூலின் இருபத்தோராம் பகுதி முழுவதையும் தண்டனை முடிவற்றது என்று நிறுவவே செலவிட்டார். மேலைத் திருச்சபையில் அகுஸ்தீனே வென்றார். 553இல் ஓரிகனின் பெயர் கண்டனத்துக்கு உள்ளானது. ஆன்மா அழியாதது என்பதை 1513இல் உரோமையின் ஐந்தாம் இலாத்தரன் சங்கம் வெளிப்படையாகவே விதித்தது.

மார்ட்டின் லூதர் சில இடங்களில் மரணத்தை உறக்கமாகப் பேசினார். இறந்தோர் உறங்குகின்றனரெனில் உத்தரிக்கும் இடம் ஒன்று வேண்டியதில்லை. அதன் பெயரால் விற்கப்பட்ட மன்னிப்புச் சீட்டுகளும் வேண்டியதில்லை. ஆனால் கால்வினோ தம் இளமையில் எழுதிய முதல் இறையியல் நூலிலேயே ஆன்ம உறக்கக் கொள்கையைக் கடுமையாகத் தாக்கினார். இங்கிலாந்து கால்வின் பக்கம் நின்றது. 1553இல் வகுக்கப்பட்ட 42 விதிகளுள் ஒன்று ஆன்மா சாவதோ உறங்குவதோ இல்லை என்றது. மற்றொன்று எல்லோரும் இறுதியில் மீட்படைவர் என்போரைக் கண்டித்தது. பத்தாண்டுகளுக்குப் பின் விதிகளைத் திருத்தியபோது இவ்விரண்டும் ஓசையின்றி நீக்கப்பட்டன. அந்த நீக்கம் முந்நூறு ஆண்டுகள் கழித்து ஒரு பெரும் வழக்கில் சான்றாகும் என்று அன்று எவரும் நினைத்திருக்க மாட்டார்.

உள்நாட்டுப் போர்க் காலத்தில் இக்கொள்கை மீண்டும் தலைதூக்கியது. ரிச்சர்ட் ஓவர்ட்டன் எழுதிய 'மனிதனின் சாவுத்தன்மை' என்னும் சிறுநூல் 1644இன் தொடக்கத்தில் இலண்டனில் பரவியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 26ஆம் நாள் பாராளுமன்றத்தின் கீழவை ஓர் ஆணை பிறப்பித்தது. ஆன்மாவின் அழியாமையை எதிர்த்தும், மணவிலக்கைப் பற்றியும் வெளிவந்த நூல்களின் ஆசிரியரையும் அச்சிட்டோரையும் தேடிப்பிடிக்குமாறு அது பணித்தது. மணவிலக்கு நூல் மில்டனுடையது. அப்போது அவர் ஆன்மாவைப் பற்றி அத்தகைய எதையும் அச்சிட்டிருக்கவில்லை. ஆயினும் பின்னாளில் அவர் மனம் சென்றடைந்த கொள்கையோடு அவருடைய நூலை ஒரே வரியில் அவை சேர்த்து வைத்தது. மூன்று மாதங்களில், அச்சுரிமைக்காக வாதிடும் 'அரியோபஜிட்டிகா' வெளிவந்தது. 1648இல் இயற்றப்பட்ட இறைநிந்தனைச் சட்டம், ஆன்மா உடலோடு சாகிறது அல்லது உறங்குகிறது என்று கூறிப் பின்வாங்க மறுப்போரைச் சிறையிலிட வழி செய்தது.

இச்சூழலில்தான், 1652இல் பார்வையை முற்றிலும் இழந்துவிட்ட மில்டன், தம் இறையியலைப் பிறர் கையால் எழுதுவித்தார். திருமறை கூறும் மனிதன் உடலும் ஆன்மாவும் எனப் பிரிந்தவனல்லன், முழுமையாக ஒருவன் என்பது அவர் வாதத்தின் வேர். பாவம் செய்தவன் முழு மனிதன் எனில் அதன் கூலியாகிய மரணமும் முழு மனிதனுக்கே உரியது. நல்லோர் இத்தனை நூற்றாண்டுகள் மண்ணில் உணர்வற்றுக் கிடப்பது கொடுமையன்றோ என்னும் கேள்விக்கு அவர் தந்த விடை நயமானது. அசைவு இல்லாத இடத்தில் காலம் இல்லை என்று அரிஸ்டாட்டில் கூறியதை எடுத்துக்கொண்டு, இறந்தவனுக்கு இடைக்காலம் என்பதே இல்லை, கண் மூடும் கணமும் எழும் கணமும் அவனுக்கு ஒன்றே என்றார். சிலுவையில் கள்வனுக்குத் தரப்பட்ட வாக்குறுதியில் 'இன்று' என்னும் சொல் எந்த வினையோடு சேரும் என்ற வழக்கையும் அவர் அறிந்திருந்தார். பழைய கிரேக்கப் படிகளில் நிறுத்தற்குறி இல்லை. ஒரு காற்புள்ளி எங்கே விழுகிறது என்பதில் ஆன்மாவின் பயணமே மாறிவிடும்.

ஒன்றை மறந்துவிடலாகாது. மில்டன் நரகத்தை மறுத்தவரல்லர். தண்டனையும் உண்டு, அதற்கோர் இடமும் உண்டு என்றே அந்நூலின் முதற் பகுதியின் இறுதி இயல் கூறுகிறது. அவர் கணக்கில், தீர்ப்பு நாள் வரை அங்கே மனிதர் எவரும் இல்லை, அவ்வளவே.

இந்தக் கண்ணோடு காப்பியத்தைத் திரும்பப் படித்தால் அதன் அமைப்பே வேறாகத் தோன்றும். தாந்தேயின் நரகம் பூமியின் நடுவில் அமைந்தது. ஒன்பது வட்டங்கள், வட்டந்தோறும் பெயர் சொல்லி அழைக்கத்தக்க மனிதர், அவருள் பலர் கவிஞரின் ஊராராகிய புளோரன்சு நகரத்தார். மில்டனின் நரகமோ உலகுக்கு வெளியே, வடிவற்ற வெளியின் அடியில் கிடக்கிறது. அதில் வீழ்ந்த வானவர் மட்டுமே உள்ளனர். மனிதன் வீழ்வதற்கு முன்பே கதை தொடங்குவதால் அங்கே ஒரு மனித ஆன்மாவையும் அவர் வைக்க வேண்டியிருக்கவில்லை. தம் கொள்கைக்கு முரணாமலே நரகத்தைப் பாட அவருக்கு வாய்த்த இடம் இது. திட்டமிட்டு அமைத்தாரா, பொருளே அவ்வாறு அமைந்ததா என்பதில் கருத்து வேறுபடலாம். முரண் இல்லை என்பதில் ஐயமில்லை.

பத்தாம் காண்டத்தில் இன்னும் துணிவான இடம் உண்டு. வீழ்ந்த பின் இரவில் தனித்துப் புலம்பும் ஆதாம், உடல் அழிந்தபின் உயிர்மூச்சு மட்டும் அழியாமல் நின்று ஓயாது சாக நேருமோ என்று நடுங்குகிறான். பாவம் செய்தது உயிர்மூச்சே, ஆதலால் தான் முழுவதும் இறப்பதே நியாயம் என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறான். கையெழுத்துப்படியின் பதின்மூன்றாம் இயல் கூறும் வாதமே இது. 1667இல் தணிக்கையாளரின் ஒப்புதலோடு அச்சேறிய நூலில், அச்சத்தில் தவிக்கும் ஒருவன் வாய்ச் சொல்லாக, அது எல்லோர் கண்முன்னும் இருந்தது. உரைநடையில் சிறை தரக்கூடிய கருத்து செய்யுளில் கவனிக்கப்படாமல் சென்றது. நம் நாட்டில் வெள்ளக்கால் ப. சுப்பிரமணிய முதலியார் அக்காப்பியத்தின் முதற் காண்டத்தைச் 'சுவர்க்க நீக்கம்' என்ற பெயரில் தமிழ்ச் செய்யுளாக்கினார். பத்தாம் காண்டத்தின் அப்புலம்பலும் தமிழ்ச் செய்யுளில் இடம்பெறத் தக்கதே.

1674இல் மில்டன் மறைந்தார். அவருக்கு எழுத்துப்பணி செய்த டேனியல் ஸ்கின்னர் என்னும் கேம்பிரிட்ஜ் இளைஞர் கையெழுத்துப்படியின் முதற் பதினான்கு இயல்களைத் தூய படியாக எழுதி, ஆம்ஸ்டர்டாமின் புகழ்பெற்ற எல்செவியர் அச்சகத்துக்குக் கொடுத்தார். நூலைப் பார்வையிட்ட இறையியலர் பிலிப் வான் லிம்போர்க் அச்சிட வேண்டாம் என்றார். திரித்துவத்தை நூல் ஏற்காததே அவருக்குத் தடை. இதற்கிடையில் அரசுச் செயலர் ஜோசப் வில்லியம்சனின் காதுக்குச் செய்தி எட்டியது. நைமேகன் அமைதிப் பேச்சுவார்த்தையில் ஒரு பதவியை எதிர்பார்த்திருந்த ஸ்கின்னரின் கனவு சிதைந்தது. அவர் சாமுவேல் பெப்பீஸிடம் உதவி வேண்டிக் கடிதம் எழுதினார். கல்லூரித் தலைவர் ஐசக் பாரோ அவரைத் திரும்பி வருமாறு எச்சரித்தார். 1677இல் எல்செவியர் கட்டை இளைஞரின் தந்தைக்கு அனுப்பிவைத்தார். அது அரசு அலமாரியை அடைந்தது. கருத்துகளை எதிர்த்து ஒரு மறுப்பும் எழுதப்படவில்லை. ஓர் இளைஞரின் வேலை அச்சுறுத்தப்பட்டது, அதுவே போதுமானதாயிற்று.

இத்தகைய அடக்கம் அக்காலத்துக்குப் புதிதன்று. இறையியலர் தாமஸ் பர்னெட் முடிவற்ற தண்டனையை ஐயுற்று இலத்தீனில் நூல் எழுதினார். பொதுமக்களிடம் பழைய கொள்கையையே கூற வேண்டும் என்றும் அதிலேயே அறிவுறுத்தினார். நரக பயம் இல்லையெனில் ஒழுக்கம் நில்லாது என்பது கற்றோரின் பொதுக் கருத்தாக இருந்தது. அச்சத்தின் துணையின்றி அறம் நில்லாது என்று கற்றோர் தமக்குள் முடிவு செய்துகொண்டதில் மக்களின் பால் உள்ள அவமதிப்பு ஒளிந்திருக்கிறது.

1825இல் நான்காம் ஜார்ஜ் மன்னரின் ஆணைப்படி சார்லஸ் சம்னர் மில்டனின் நூலைப் பதிப்பித்து ஆங்கிலத்திலும் பெயர்த்தார். இளைஞர் மெக்காலே அதையொட்டி எழுதிய கட்டுரை அவருக்குப் புகழ் தந்தது. நூலின் கொள்கைகளைப் பற்றி அவர் மிகுதியாகப் பேசவில்லை. எனினும் கேள்வி அடங்கவில்லை. 1853இல் எஃப். டி. மாரிஸ், முடிவற்ற தண்டனை என்பதன் பொருளை ஐயுற்றமைக்காக இலண்டன் கிங்ஸ் கல்லூரிப் பதவியை இழந்தார். 1864இல் ஹென்றி பிரிஸ்டோ வில்சன் என்னும் குருவின் மேல்முறையீட்டில், தீயோரும் இறுதியில் மன்னிக்கப்படலாம் என்று நம்புவது குற்றமாகாது என்று பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. 1553இன் விதி நீக்கப்பட்டதை நீதிபதிகள் எடுத்துக்காட்டினர். ஏறத்தாழ 11,000 குருமார் எதிர்ப்பறிக்கையில் கையொப்பமிட்டனர். தீர்ப்பளித்த வெஸ்ட்பரி பிரபு நரகத்தை வழக்குச் செலவோடு தள்ளுபடி செய்துவிட்டார் என்று அக்கால நகையாளர் எழுதினர்.

1991இல் வில்லியம் ஹண்டர் இந்நூல் மில்டனுடையதே அன்று என வாதிட்டார். தாளும் எழுத்தும் நடையும் மீண்டும் ஆராயப்பட்டன. 2007இல் நான்கு அறிஞர் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு அது மில்டனுடையதே என நிறுவியது. கையெழுத்துப்படி இன்று இலண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது. ஆன்மா உடலோடு இறக்கும் எனக் கூறும் பதின்மூன்றாம் இயல் அதில் ஸ்கின்னரின் தூய கையெழுத்தில் இருக்கிறது.