ஊழியம் என்ற சொல்லும் எங்கள் ஆயாக்களும்

ரிஷிவந்தியம் பக்கத்துச் சேரிகளில் அனாதை விடுதி என்று யாரும் சொல்வதில்லை. 'போர்டிங்' என்றுதான் சொல்வார்கள். "புள்ளைய போர்டிங்ல சேத்துட்டோம்" என்று ஒரு தாய் சொன்னால், அவள் கரும்பு வெட்டவோ செங்கல் சூளைக்கோ கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம். பிள்ளைக்குத் தாய் இருக்கிறாள். பல நேரம் தகப்பனும் இருக்கிறான். ஆனாலும் போர்டிங் வாசலைத் தாண்டிய பிறகு, வெளிநாட்டில் நன்கொடை கேட்டு அச்சாகும் ஏதோ ஒரு தாளில் அந்தப் பிள்ளை 'அனாதை' ஆகிவிடுகிறது.

அப்படி ஒரு போர்டிங்கில் இருபது வருடத்துக்கு மேல் சமையல் ஆயாவாக இருந்த எங்கள் தெருப் பாட்டி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தோம். மாசம் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டோம்.

"சம்பளம்னு ஒண்ணும் இல்லப்பா. இது ஊழியம்னு சொன்னாங்க. ஊழியத்துக்குக் கூலி கேக்கலாமா? கிறிஸ்மஸுக்கு ஒரு பொடவ, கைச்செலவுக்கு எதனா குடுப்பாங்க. சோறு அங்கயே."

பி.எஃப். இல்லை, ஓய்வூதியம் இல்லை. அந்த விடுதியின் சுவரில் நன்கொடை தந்தவர்களின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. பாட்டியின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கிறிஸ்தவ அனாதை விடுதிகளின் வரலாற்றை நிறுவனர் பக்கமிருந்தும் நன்கொடையாளர் பக்கமிருந்தும் பலர் எழுதிவிட்டார்கள். நாங்கள் சமையல்கட்டுப் பக்கமிருந்து எழுதுகிறோம்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மிஷனரிகளைத் திட்டுவதற்கு ஆள் தேடும் காவிக் கூட்டத்துக்கு இந்தக் கட்டுரையில் தீனி கிடைக்காது. சேரிப் பிள்ளையைத் தொட்டுத் தூக்க ஊரில் எவனும் வராத காலத்தில் தொட்டுத் தூக்கியவர்கள் அவர்கள். அந்த நன்றி எங்களுக்கு இருக்கிறது. நன்றி இருப்பதாலேயே கணக்குக் கேட்காமல் இருக்க முடியாது.

ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள்

சபைக்குள் ஊழியம் என்றால் இறைப்பணி. சபைக்கு வெளியே, நம் முன்னோர் வாழ்வில், ஊழியம் என்றால் கூலியில்லாக் கட்டாய வேலை. தென்திருவிதாங்கூரில் அரசுக்கும் கோயிலுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிகள் சம்பளமின்றிச் செய்துதீர வேண்டிய வேலைக்கு ஊழியம் என்றே பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கிறிஸ்தவர்களான மக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கு வாங்கித் தந்தவர்களில் மிஷனரிகள் முக்கியமானவர்கள். எங்கள் கல்வராயன் மலையில் இதையே வெட்டி வேலை என்றார்கள். அங்கே ஜாகிர்தார்களின் ஆதிக்கம் சட்டப்படி முடிவுக்கு வந்தது 1976இல்தான்.

ஒரு ஊழியத்திலிருந்து விடுவித்த அதே கை, இன்னொரு வேலைக்கு ஊழியம் என்று பெயர் வைத்தது. அதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் கூலி கேட்கக் கூடாது என்ற பகுதி மட்டும் பழைய பொருளிலிருந்து புதிய பொருளுக்கு அப்படியே வந்து சேர்ந்துவிட்டது.

தாது வருஷம்

எங்கள் பகுதியில் போர்டிங்குகளுக்கு வித்திட்டது பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஒருவருக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று 1877இல் கூலியைக் குறைக்க வைத்தவர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி. முதலில் செத்தவர்கள் நிலமில்லாதவர்கள். நிலமில்லாதவர்கள் யார் என்று சேரிக்குச் சொல்லத் தேவையில்லை.

பண்ணையாள் செத்தால் அவன் பிள்ளைக்கு யார் பொறுப்பு? மிராசுதாரும் இல்லை, சர்க்காரும் இல்லை. கஞ்சித் தொட்டியில் ஒதுங்கிய பிள்ளைகளை மிஷன்களே சேர்த்துக்கொண்டன. பின்னாளில், 1897இலும் 1900இலும் பஞ்ச நிவாரணத்துக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டியபோது, அனாதைகளைப் பராமரிப்பது அந்த நிதியின் அறிவிக்கப்பட்ட நோக்கங்களில் ஒன்றாகவே இருந்தது. அனாதையின் பெயரில் தூரதேசத்தில் பணம் திரட்டலாம் என்று உலகம் கற்றுக்கொண்டது இப்படிப்பட்ட பஞ்சங்களில்தான்.

பஞ்சத்தை மழை பொய்த்ததன் விளைவு என்று பாடப்புத்தகம் சொல்லும். மழை ஊருக்கும் சேரிக்கும் சேர்ந்தேதான் பொய்த்தது. பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக அனாதையானது பெரும்பாலும் சேரியில்தான். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கை, காரணம் நிலம் என்று எடுத்துக்காட்டியது. அதைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. நிலம் கிடைத்திருந்தால் எத்தனையோ போர்டிங்குகளுக்கு வேலையே இருந்திருக்காது. அந்த நிலம் என்ன ஆனது என்பதும் நமக்குத் தெரியும்.

சாதியோடு மிஷன் செய்த சமரசம்

மிஷன்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கவில்லை. தரங்கம்பாடி வழிவந்த லைப்சிக் லுத்தரன் மிஷனில் 1850களில் பெரிய சண்டை நடந்தது. சாதியைச் சமூக வழக்கம் என்று சொல்லி விட்டுப்பிடிக்கலாம் என்றது ஒரு பக்கம். கிறிஸ்துவின் பந்தியில் சாதி உட்காரக் கூடாது என்றார் கார்ல் ஓக்ஸ். மிஷனை விட்டு வெளியேறிய அவர் எங்கள் தென்னாற்காட்டுக்கு வந்து, மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற நிலையத்தை அமைத்தார். 1860களில் அது டேனிஷ் மிஷனோடு இணைந்தது. அந்த மிஷன் பின்பு திருக்கோவிலூர், திருவண்ணாமலை வரை பரவியது.

சாதி எதிர்ப்பில் பிறந்த மிஷன் எங்கள் வாசலுக்கே வந்திருக்கிறது என்பது எங்களுக்குப் பெருமை. ஆனால் அத்தோடு சாதி ஒழிந்துவிடவில்லை. இன்று எங்கள் மாவட்டத்தில் இருக்கும் இறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டதைத் தொடர்ந்து 2008 மார்ச் 9 அன்று வன்முறை வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். பூசைக்கும் பிண ஊர்வலத்துக்கும் சாதி பார்க்கும் இடத்தில், விடுதியில் யார் நிர்வாகி, யார் ஆயா என்பதை மட்டும் சாதி தீர்மானிக்காமல் விட்டுவிடுமா?

டோனாவூரின் அக்காமார்

பிள்ளைகளை வளர்க்கும் வேலையைச் சாதி எப்படிப் பார்த்தது என்பதற்குத் தமிழ்நாட்டில் நன்றாகப் பதிவான உதாரணம் நம் பகுதியில் இல்லை, தெற்கே திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் இருக்கிறது. அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தார். 1901இல் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி அவரிடம் வந்தாள். அதிலிருந்து வளர்ந்ததுதான் டோனாவூர் இல்லம். 1918இல் ஆண் பிள்ளைகளுக்கும் இடம் வந்தது. ஏமி 1951இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

அந்த இல்லத்தின் பெரிய சிக்கல் பணமல்ல, ஆள். கைக்குழந்தைகள் வரத் தொடங்கியதும் அவர்களைக் கவனிக்கக் கிறிஸ்தவப் பெண்களைத் தேடினார்கள். படித்த பெண்கள் தயங்கினார்கள். பிரசங்கம் செய்ய வரச் சொன்னால் வருவார்கள். பீத்துணி அலசுவது இழிவான வேலை, அது வேலைக்காரிக்கு உரியது. ஞானஸ்நானம் வாங்கி எத்தனை தலைமுறை ஆனால் என்ன, எந்த வேலை எந்தக் கைக்கு என்ற பட்டியல் மண்டைக்குள் அப்படியே இருந்தது. இந்த மனத்தடையைப் பற்றி ஏமியே எழுதியிருக்கிறார். அண்ணல் அம்பேத்கர் சாதியை வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்பவர்களின் பிரிவினை என்று விளக்கியதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஒரு குழந்தைகள் அறைக்குப் போனால் போதும்.

அந்தத் தடையை உடைத்தவர்களில் முதன்மையானவர் பொன்னம்மாள் என்ற இளம் விதவை. மருத்துவ வசதிக்காக நெய்யூரில் அமைத்த குழந்தைகள் இல்லத்தின் பொறுப்பு அவருடையது. 1905இல் அங்கே நோய் பரவிப் பத்துக் குழந்தைகள் இறந்தபோதும் அவர்தான் தாங்கினார். 1915இல் புற்றுநோயில் இறந்தார். அவரைப் பற்றி ஏமி தனிப் புத்தகமே எழுதினார். அப்படி எழுதப்படும் பேறு எத்தனை ஆயாக்களுக்குக் கிடைத்தது?

டோனாவூரில் வேலை செய்தவர்களுக்கு உறவுப் பெயர்களே பதவிப் பெயர்கள். நம் பெண்கள் 'அக்கா', வெளிநாட்டுப் பெண்கள் 'சித்தி', ஆண்கள் 'அண்ணாச்சி', ஏமி 'அம்மா'. யாருக்கும் சம்பளம் கிடையாது, யாரிடமும் போய்ப் பணம் கேட்பதும் கிடையாது என்பது விதி. அந்த விதி வெள்ளைக்காரருக்கும் பொருந்தியது. அதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் திரும்பிப்போக ஒரு வீடும் நாடும் உள்ளவர் சம்பளம் வேண்டாம் என்பது ஒரு தேர்வு. திரும்பிப்போக இடமே இல்லாதவள் சம்பளம் வேண்டாம் என்பது அதே தேர்வு ஆகுமா? அந்த விதியைப் பின்னால் வந்த ஆயிரம் சின்ன விடுதிகள் காப்பியடித்தன. நிர்வாகிக்கு ஜீப் வந்தது. ஆயாவுக்கு ஊழியம் மட்டும் மிச்சமானது.

ஆதரவுக்கு என்ன விலை?

ஆதரவு என்பது கடனாக மாறியதும் உண்டு. ஆரணி பக்கம் மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்த முனிசாமி திண்டிவனத்தில் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் பள்ளியில் படித்தார். மதம் மாற அவர் மறுத்தபோது, அதுவரை அவருக்கான செலவைத் திருப்பிக் கேட்டார்கள் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அந்தக் குடும்பம் கோலார் தங்கவயலுக்குப் போனது. அந்த முனிசாமிதான் சுவாமி சகஜானந்தர். 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, நம் பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் தந்தார். பிறருடைய ஆதரவுக்கு என்ன விலை என்று பார்த்த ஒரு தலித், நாமே நடத்தும் விடுதியைக் கட்டினார். 1920இல் சர்க்காரின் லேபர் டிபார்ட்மென்ட் வந்தது, பின்னர் ஆதிதிராவிடர் நல விடுதிகள் வந்தன. பிள்ளையைப் படிக்கவைப்பது தருமம் என்பது மாறி உரிமை என்றான கதை இது.

இன்னொரு விலையும் உண்டு. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரான தலித் பட்டியல் சாதியில் வரமாட்டார். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் இசுலாமியருக்கும் இன்றுவரை திறக்கவில்லை. விடுதியில் ஞானஸ்நானப் பெயரோடு வளரும் பிள்ளை பதினெட்டு வயதில் வெளியே வந்து சாதிச் சான்றிதழ் கேட்டு தாலுகா ஆபீசில் நிற்கும்போது இந்த விலை தெரியும். ஊர் அவனைச் சேரிக்காரன் என்று சரியாக அடையாளம் காணும். அரசு மட்டும் காணாது.

பணம் நின்றபோது

மாதாமாதம் பணம் கொடுத்து ஒரு பிள்ளையைத் தாங்கும் முறையை உலகெங்கும் நடத்தும் கம்பாஷன் இன்டர்நேஷனல், வெளிநாட்டு நிதிக் கட்டுப்பாட்டால் 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டுப் போனது. ஏறத்தாழ 1,45,000 பிள்ளைகள் அதன் ஆதரவில் இருந்தார்கள். பெரும்பாலும் அவை விடுதிகள் அல்ல, பகல்நேர மையங்கள். பிள்ளைகளுக்கான பணம் நின்றது. அங்கே வேலை செய்தவர்களுக்கும் அன்றோடு பிழைப்பு போனது.

விடுதிகளில் நடந்த கொடுமைகளை மறைக்கவும் எங்களுக்கு விருப்பமில்லை. தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றி 2007இல் தொடங்கிய வழக்கில், நாட்டிலுள்ள எல்லா இல்லங்களையும் 2017 முடிவதற்குள் பதிவு செய்து முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 மே 5 அன்று உத்தரவிட்டது. சரியான உத்தரவு. அதன்பின் 2020 செப்டம்பரில் தேசியக் குழந்தை உரிமை ஆணையம், குடும்பம் உள்ள பிள்ளைகளை 100 நாட்களுக்குள் வீட்டுக்கு அனுப்பச் சொன்னது. கொரோனாவில் கூலி வேலையே இல்லாத நேரம் அது. பிள்ளையை அனுப்பினால் வீட்டில் சோறு இருக்கிறதா என்று யார் பார்ப்பது?

கருணாபுரத்துக்குப் பிறகு

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ஒரே வாரத்தில் எங்கள் கண்ணெதிரே பிள்ளைகள் அனாதையானார்கள். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்குப் பதினெட்டு வயதுவரை மாதம் 5,000 ரூபாயும், 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும், படிப்பு, விடுதிச் செலவும் அரசு அறிவித்தது. தாது வருஷத்தில் இல்லாத ஒன்று இது. பிள்ளை தன் பாட்டியிடமோ சித்தியிடமோ இருந்துகொண்டே வளர முடியும்.

இதைச் சாவு விழுந்த தெருவுக்கு மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்? பிள்ளையை விடுதியில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. கரும்பு வெட்டப் போகும் தாய்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தோழர்களே, உங்கள் தெருவில் இதைச் சொல்லுங்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள்.

விடுதி தேவைப்படும் பிள்ளைகளும் என்றும் இருப்பார்கள். அந்த விடுதியைக் கிறிஸ்தவர் நடத்தட்டும், யாரும் நடத்தட்டும். ஆயாவுக்கு மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் இருக்கட்டும். பிள்ளையின் சாதிச் சான்றிதழ் பத்திரமாக இருக்கட்டும். நன்கொடை கேட்டு அனுப்பும் கடிதத்தில், தாய் இருக்கும் பிள்ளையை அனாதை என்று எழுதாமல் இருக்கட்டும். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்.

கிளம்பும்போது பாட்டியிடம், அங்கே வளர்ந்த பிள்ளைகள் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டோம். ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்கினார். யாருக்கு எந்த ஊர், யாருக்குக் கத்தரிக்காய் ஆகாது, யார் ராத்திரியில் அழுவாள் என்றெல்லாம் சொன்னார். கையில் இருந்த நோட்டில் எழுதிக்கொண்டே வந்தோம். பக்கம் தீர்ந்தது. பாட்டி நிறுத்தவில்லை.